கருவாட்டுத் தெருவில் உச்சிமணம்

துறைமுகத்துக்கும் ஐஸ் ஃபாக்டரிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கருவாட்டுத் தெருவில், பாஸ்காத் திருவிழா கழிந்த முதல் செவ்வாய்க்கிழமை காலையில், செலஸ்டினா என்பவள் தன் குழந்தையின் பால் புட்டிகளை ஒரு மின்சார நீராவிப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்தினாள். பெட்டிக்குள் நீர் கொதித்தது, ஆவி எழுந்தது, மூடியின் துளை வழியே வெளிவந்தது, அடுக்களைச் சன்னலைக் கடந்தது, தெருவில் இறங்கியது. அதன் பின் அந்தத் தெருவும், அதன் வீடுகளும் மனிதர்களும் கூடைகளும், பாய்களில் காய்ந்துகொண்டிருந்த கருவாடும், பிறந்த குழந்தையின் உச்சந்தலையைப் போல மணக்கத் தொடங்கின.

இதில் வியப்பதற்கு ஏதும் இருப்பதாகத் தெருவார் கருதவில்லை. மேற்கிலிருந்து காற்று அடித்தால் உப்பளத்தின் வாடையும், கிழக்கிலிருந்து அடித்தால் கப்பல் எண்ணெயின் வாடையும் வருகிற ஊரில், செலஸ்டினாவின் அடுக்களையிலிருந்து அடித்தால் அவளுடைய குழந்தையின் வாடை வருவது முறைதானே என்று அவர்கள் எண்ணினார்கள். ஆயினும் அதுவரை அந்தத் தெருவை ஆண்டு வந்த வாடை சாதாரணமானதன்று. நெத்திலியும் வாளையும் சாளையும் திருக்கையும் வெயிலில் விட்ட மூச்சு சுவர்களின் சுண்ணாம்பு வரை ஊறியிருந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களிலும் மணமகள்களின் பட்டுப் புடவைகளிலும் அது குடியிருந்தது. நகரப் பேருந்தின் நடத்துநர் கண்ணை மூடிக்கொண்டே அந்த நிறுத்தத்துக்கு விசில் ஊதுவார். அப்படிப்பட்ட வாடையை ஒரு சிறிய பெட்டியின் ஆவி ஒரே காலையில் அகற்றியது. அந்த ஆவி, ஆவிக்குரிய வழக்கப்படி மேலே போகவில்லை. இடுப்பளவு உயரத்தில், அவசரமில்லாமல், திருவிழாச் சப்பரத்துக்குப் பின்னால் நடப்பவர்களைப் போல நகர்ந்து, ஒவ்வொரு வாசற்படியையும் தொட்டு, தெருவின் கடைசி வீட்டையும் விட்டுவிடாமல் முடித்துக்கொண்டு மறைந்தது.

முதலில் அறிந்தவள் பிலோமினா. செலஸ்டினாவின் கணவன் பெனிட்டோவுக்கு மூத்த அக்காள். கீழ் வீட்டில் கருவாட்டு வியாபாரம் செய்பவள். காய்ந்த பதத்தைக் கையால் பாராமல் மூக்கால் பார்ப்பவள். அன்றும் பாயிலிருந்து ஒரு வாளையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். பிறகு தன்னை அறியாமல் அந்த வாளைக்கு ஒரு முத்தம் கொடுத்தாள். கொடுத்ததைப் பிற்பாடு மறுத்தாள். அடுத்த கணம் படியேறி மாடிக்கு ஓடினாள்.

"ஏட்டி செலஸ், உன் பிள்ள எங்கட்டி?"

"தொட்டில்ல தூங்குது மைனி."

"கீழ எறங்கி வரல்லியே?"

"அது இன்னும் குப்புறக்கூட விழல மைனி. எப்படி எறங்கி வரும்?"

பிலோமினா தொட்டிலுக்குள் குனிந்து குழந்தையின் உச்சியை முகர்ந்தாள். நிமிர்ந்து சன்னல் வழியே தெருவை முகர்ந்தாள். மறுபடி குழந்தையை முகர்ந்தாள். இரண்டும் ஒன்றே என்று உறுதி செய்துகொண்டு, "சரி, அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, வாளையைத் திருப்பிப் போடுவதற்காகக் கீழே போனாள். நடந்ததை அவள் ஏற்றுக்கொள்ள அதற்கு மேல் நேரம் தேவைப்படவில்லை.

அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த கதையையும் சொல்ல வேண்டும். குழந்தை அமலி நாள் நிறையுமுன் பிறந்தவள். பேறு காலத்துக்குச் சற்று முன் செலஸ்டினாவைக் கடுமையான ஒரு காய்ச்சல் பிடித்து உலுக்கியது. தாய் ஒரு வார்டிலும் சேய் கண்ணாடிக் கூண்டிலுமாகக் கிடந்ததில் தாய்ப்பால் வற்றியது. பால்மாவும் புட்டியும் தேவையாயின. குறைமாதப் பிள்ளைக்குத் தொற்று அண்டக் கூடாது, புட்டிகளை ஆவியில் கொதிக்க வைத்து நன்றாகக் காய வைத்த பின்னரே பால் ஊற்ற வேண்டும் என்று குழந்தை மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். கப்பலில் வேலை பார்க்கும் பெனிட்டோவின் தம்பி அந்தப் பெட்டியை அனுப்பி வைத்தான். அடியில் ஒரு தட்டு. அதில் அளந்து ஊற்றிய நீர். மேலே புட்டிகளைக் கவிழ்க்கக் கம்பிகள், ரப்பர் காம்புகளுக்கும் மூடிகளுக்கும் தனி அடுக்கு. ஆவி அடங்கியதும் உள்ளிருந்து வெங்காற்று வீசி ஈரத்தை உலர்த்தும். விளக்கு அணைந்தால் இடுக்கியால் எடுக்கலாம், கையால் தொடலாகாது.

தொடலாகாது என்ற ஒன்றைத்தான் பிலோமினாவால் பொறுக்க முடியவில்லை. முதல் நாள், விளக்கு அணையுமுன்னே மூடியைத் திறந்து, ஆவி பறந்துகொண்டிருந்த புட்டியை எடுத்து, கருவாடு கட்டிய முந்தானையால் உள்ளும் புறமும் பாசத்தோடு துடைத்து வைத்தாள்.

"ஆவில வெந்து வந்தத எதுக்கு மைனி முந்தானையால துடைக்குதிய?"

"ஈரமா இருந்துச்சு."

"காய வைக்கத்தான உள்ள காத்தாடி ஓடுது?"

"அது ஓடட்டும். நான் துடைச்சா என்ன கேடு? ஒன் மாப்பிள்ளையவே இந்த முந்தானையாலதான் துடைச்சு வளத்தேன்."

"அதான் அவுக இப்படி இருக்காக."

பெனிட்டோ அப்போது அங்கேதான் இருந்தான். பேருந்துப் பணிமனையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவனாதலால், இரண்டு இயந்திரங்களுக்கு நடுவே கையை விடக் கூடாதென்று அறிந்து பேசாமல் இருந்தான். துடைத்த புட்டிகளைச் செலஸ்டினா அப்படியே திரும்பப் பெட்டிக்குள் வைத்து மறுபடி பொத்தானை அழுத்தினாள். தெரு மணக்கத் தொடங்கியது அந்த இரண்டாம் முறையில்தான். முந்தானைதான் காரணம் என்று சிலரும், ஊர்த் தண்ணீரின் உப்புத்தான் காரணம் என்று சிலரும் பின்னாளில் வாதாடினார்கள். காரணத்தை ஆராய்வது வேலையற்றவர்களின் வேலை. கருவாட்டுத் தெருவில் எல்லோருக்கும் வேலை இருந்தது.

மணம் முதலில் தீர்த்தது ஒரு பகையை. ஐஸ் ஃபாக்டரி முதலாளி சேர்மக்கனி அண்ணாச்சிக்கும் பிலோமினாவுக்கும் பல ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. ஐஸ் உருகிய நீர் ஓடைவிட்டு ஓடை தாவி அவளுடைய காயப்போடும் களத்துக்குள் வருவது அதற்குக் காரணம். அந்த வாரமும் நீர் வந்தது. பாயின் ஓரம் நனைந்தது. பிலோமினா இடுப்பில் கைவைத்துத் தெருநடுவே நின்று, அவருடைய மூன்று தலைமுறையையும் வரிசையாக அழைக்கத் தொடங்கினாள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "எங்க வந்துச்சு தண்ணி, காட்டு" என்று ஓடையைப் பார்க்கக் குனிந்தார். முற்றிலும் வழுக்கையான அவருடைய தலை, மறைப்பதற்கு ஒரு மயிரும் இல்லாத உச்சி, அவளுடைய மூக்குக்கு நேர் கீழே வந்தது.

வசவு பாதியில் நின்றது.

"அண்ணாச்சி, தலைக்கு என்னத்தத் தேய்க்கிய?"

"தேய்க்க என்ன இருக்கு தலையில?"

"இல்ல... சும்மா கேட்டேன். கொஞ்சம் அப்படியே இரிங்க." இன்னொரு முறை முகர்ந்தாள். "தண்ணி கெடக்கட்டும் அண்ணாச்சி. வெயிலு அடிச்சா காஞ்சிரும்."

பிறந்த குழந்தையைப் போல மணக்கும் ஒருவரைத் திட்டுமாறு மனித உடல் அமைக்கப்படவில்லை. சேர்மக்கனியும் அவளுடைய மணத்தை உணர்ந்தார் என்பதற்குச் சான்று, மறுநாளே கொத்தனாரை அழைத்து ஓடையைத் திருப்பிவிட்டார் என்பது. அது முதல் தெருவில் வழுக்கைத் தலையர்களுக்கு மதிப்பு கூடியது. அதுவரை அவர்களைக் கண்டால் சிரித்த இளம்பெண்களெல்லாம் மரியாதையோடு அருகில் வந்து, "மாமா, ஒரு நிமிசம்" என்று உத்தரவு கேட்டு முகர்ந்து போனார்கள். கைகூப்புவது குறைந்து, எதிர்ப்பட்டவருக்குத் தலையைக் குனிந்து கொடுப்பதே வழக்கமாயிற்று. மாதா கோயிலில் பூசை நடக்கையில் பின் வரிசைக்காரர்கள் முன் வரிசைக்காரர்களின் உச்சியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தார்கள். பங்குச் சாமியார் அதைப் பக்தியின் மிகுதி என்று எடுத்துக்கொண்டார். அல்லது எடுத்துக்கொண்டதாகக் காட்டினார். பூனைகள் கருவாட்டுக் கூடைகளைச் சீண்டாமல் அவற்றின் மேலேயே சுருண்டு படுத்து, கண் செருகி, முன்னங்கால்களால் சாக்கைப் பிசைந்துகொண்டிருந்தன.

வியாபாரத்துக்கு வந்த ஆபத்தும் வந்த வேகத்தில் விலகியது. முதல் வாரம் வெளியூர் வியாபாரிகள் முகத்தைச் சுளித்தார்கள். "கருவாடு வாங்க வந்தமா, தொட்டில் கட்ட வந்தமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் சட்டியில் ஏறியதும் ருசி மாறாமல் இருப்பதைக் கண்டவர்கள் வாயை மூடிக்கொள்ளவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பக்கத்து வீட்டாரின் மூக்குக்கு அஞ்சி, ஆசையை அடக்கி, ஆண்டுக்கணக்கில் கருவாடு உண்ணாமல் வாழ்ந்த குடும்பங்கள் கார் வைத்துக்கொண்டு வந்தன. வறுத்தாலும் குழம்பு வைத்தாலும் கதவுக்கு வெளியே குழந்தை வாசம் மட்டுமே போகும் கருவாட்டைக் கண்ணில் ஒற்றி வாங்கிப் போயின. அவர்களில் ஒரு பெரிய மனிதர், வழக்கறிஞர், பிலோமினாவின் கடை வாசலிலேயே நெத்திலிப் பொட்டலத்தை மடியில் வைத்துத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பலர் பார்த்தார்கள்.

பெண் பார்க்க வந்தவர்கள் வரதட்சணைப் பேச்சை எடுக்க முடியாமல் திணறினார்கள். வாயைத் திறந்தால் கொஞ்சு மொழிதான் வந்தது. அந்தப் பருவத்தில் தெருவில் நிச்சயமான திருமணங்கள் எல்லாம் வெறும் பாக்கு வெற்றிலையோடு நிச்சயமாயின; பையன்களின் தாய்மார்கள் தெருமுனையைத் தாண்டிய பிறகு தலையில் அடித்துக்கொண்டார்கள்; ஆயினும் கொடுத்த வாக்கு கொடுத்ததே.

இத்தனை மகிழ்ச்சிக்கும் நடுவே, அந்தத் தெருவில் ஒரே ஒருத்திக்கு மட்டும் அந்த மணம் தெரியவில்லை. அவள் செலஸ்டினா.

காய்ச்சல் அவளிடமிருந்து கொண்டுபோனது பாலை மட்டுமன்று. கண்ணாடிக் கூண்டிலிருந்து எடுத்து முதன்முதலாகக் குழந்தையை அவள் மார்பில் கிடத்தியபோது, எல்லாத் தாய்மார்களையும் போல அவளும் அதன் உச்சியை முகர்ந்தாள்; கண்ணாடியின் முன் நின்று அதில் எவரையும் காணாதவளைப் போல உணர்ந்தாள். காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருவர் விளக்கடித்துப் பார்த்து, நரம்பு சோர்ந்திருக்கிறது, மீளலாம், மீளாமலும் போகலாம், பொறுத்திருங்கள் என்றார். அவள் பொறுத்திருந்தாள். பெனிட்டோவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நண்பகலுக்குள் தெரு முழுவதும் தெரியும். மாலைக்குள் இரக்கம் தூக்குச்சட்டியில் ரசத்தோடு மாடியேறி வரும். அதை ஏற்பதற்கு அவளுடைய தலை நிமிர்வு இடம் தரவில்லை. ஆகவே, "குடுத்து வெச்சவ நீ, ஒன் பிள்ள வாசத்துலல்லா ஊரே வாழுது" என்று வருபவர்கள் சொல்லும்போதெல்லாம் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுக்களைக்குள் போய்க் கற்பூர டப்பாவைத் திறந்து மூக்கருகே பிடித்தாள். காப்பித்தூளை, வெங்காயத்தை, கணவனின் அழுக்குச் சட்டையைப் பிடித்தாள். உலகம் சலவை செய்த வெள்ளைத் துணியைப் போல இருந்தது.

"இன்னைக்கு?" என்று பெனிட்டோ வேலையிலிருந்து வந்ததும் கேட்பான்.

"இல்ல."

"வரும் செலஸ்."

"நீங்க சொல்லுங்க. எப்படித்தான் இருக்கும் அது?"

அவன் குழந்தையின் உச்சியில் மூக்கை வைத்து வெகு நேரம் யோசித்தான். "புது நோட்டுப் புஸ்தகத்துல கொஞ்சம் பாலு சிந்துன மாதிரி" என்றான். அது அவளுக்குப் போதவில்லை. தன் நிலையை வெளிக்காட்டாமல், பேச்சுவாக்கில், மற்றவர்களிடமும் கேட்டாள். வெயிலில் காய்ந்த வெள்ளை வேட்டியை மடித்து நடுவில் பழுத்த வாழைப்பழம் வைத்தது போல என்றாள் பிலோமினா. "ஐஸ் கட்டிய ஒடைச்ச உடனே உள்ள இருந்து ஒரு வாசம் வரும்லா, அது, ஆனா சூடா" என்றார் சேர்மக்கனி. "சூடா இருந்தா அது எப்படி ஐஸு?" என்று பிலோமினா மடக்க, இருவரும் நட்போடு வெகு நேரம் சண்டையிட்டார்கள். செலஸ்டினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். வேட்டி, பழம், ஐஸ், புத்தகம், பால். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாள். அவை சேர்ந்து குழந்தையாகவில்லை. அவளுக்குள் எழுந்தது பொறாமை என்று சொல்வதில் தவறில்லை. தான் பெற்ற பிள்ளையின் மேல் தனக்கில்லாத ஓர் உரிமை, தெருவில் போகும் ஐஸ் வண்டிக்காரனுக்கு இருந்தது.

தெருவோ பெட்டியைத் தன்னுடையதாகவே கொண்டது. மின்சாரம் நின்றால் ஐஸ் ஃபாக்டரியிலிருந்து கம்பி இழுத்துக் கொடுத்தார்கள். உப்புத் தண்ணீரால் அடித்தட்டில் வெள்ளைப் படலம் படிகிறதென்று கேள்விப்பட்டு, சேர்மக்கனி நல்ல தண்ணீரைக் கேன் கேனாக அனுப்பினார். எலுமிச்சம்பழம் தேய்த்தால் படலம் போகுமென்று யாரோ சொல்ல, படிக்கட்டில் எலுமிச்சம்பழங்கள் குவிந்தன. அமலியின் புட்டிகள் போதாதென்று பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைகளின் புட்டிகள் வந்தன. அவையும் போதாதென்று தம்ளர்களும் சங்குகளும் வந்தன. கடைசியில் சவரிமுத்துத் தாத்தாவின் பல் செட்டு வந்தது. செலஸ்டினா கதவை மறித்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளைங்க புட்டியத் தவிர வேற எதுவும் இதுல ஏறாது."

"அவுரும் பல்லு இல்லாத பிள்ளதான?" என்று பிலோமினா வாதாடிப் பார்த்தாள். பல் செட்டு திரும்பிப் போனது.

மாதங்கள் சென்றன. அமலி குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், கைக்கு எட்டிய செருப்பையெல்லாம் வாயில் வைத்தாள். சோறு தொடங்கலாம், பாலைத் தம்ளரில் பழக்கலாம், பிள்ளை தேறிவிட்டது, இனிப் புட்டிகளை ஆவியில் வைக்கத் தேவையில்லை என்றார் குழந்தை மருத்துவர். செலஸ்டினா வீட்டுக்கு வந்து, பெட்டியைத் துடைத்து, மின்கம்பியைச் சுருட்டிக் கட்டினாள். அன்று பிற்பகல் ஆவி தெருவில் இறங்கவில்லை. மாலைக்குள் தெரு முழுவதும் அவள் வாசலில் நின்றது. முந்தைய ஆவியின் மணம் இன்னும் எல்லோர் மேலும் இருந்ததாலும், ஒருவரை ஒருவர் முகர்ந்தபடியே நின்றதாலும், கூட்டத்தில் கோபம் இல்லை. கவலை மட்டும் இருந்தது.

"மருந்தே வேணாம்னுட்டாகளா?" என்று சேர்மக்கனி கேட்டார்.

"மருந்து இல்ல அண்ணாச்சி, புட்டி கழுவுத மிஷினு. பிள்ளதான் செருப்பக் கடிக்குதே, இனி எதுக்கு?"

"பிள்ளைக்கு இல்லாட்டா, எங்களுக்கு" என்றார் யாரோ.

"அதான் சொல்லுதேன். எம்பிள்ளைக்கு இல்லன்னா எங்க அடுக்களையில எதுக்கு?"

பிலோமினாவுக்கு முகம் சிவந்தது. தெரு மணக்கத் தொடங்கிய பிறகு அவளுக்கு யார் மேலும் வந்திராத கோபம், நாத்தனார் என்ற உரிமையில், இப்போது வந்தது. "ஒனக்கு என்னட்டி கேடு? பெத்த பிள்ள வாசம் கசக்குமா ஒருத்திக்கு? ஊர்ல உள்ளவளெல்லாம் கெடந்து மோந்துக்கிட்டு அலையுதா, ஒரு நாளாவது நீ மோந்து நான் பாக்கல. நானும் பாத்துக்கிட்டுத்தான் வாரேன். என்ன பொம்பள நீ?"

பெனிட்டோ, "அக்கா" என்று ஒரு அடி முன்வந்தான். செலஸ்டினா கையை நீட்டி அவனை நிறுத்தினாள். குழந்தையை இடுப்பில் சரிசெய்துகொண்டு, பாடம் ஒப்பிப்பவளைப் போலத் தெளிவாகச் சொன்னாள்.

"எனக்கு அது தெரியாது மைனி. காய்ச்சல்ல மூக்கு போச்சு. எதுவுமே தெரியாது. அவ பொறந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும் அவ எப்படி மணப்பான்னு எனக்குத் தெரியாது. நீங்க எல்லாரும் சொல்லித்தான் கேட்டுருக்கேன்."

சாக்குகளின் மேல் படுத்திருந்த பூனைகள் கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தன.

பிலோமினா மாடியேறவில்லை; அழவில்லை; மன்னிப்புக் கேட்கும் பழக்கமும் அவளுக்கு இல்லை. வீட்டுக்குள் போய், கடையில் உட்காரும் தன் நாற்காலியை எடுத்து வந்து தெருநடுவே போட்டாள். "உக்காரு" என்றாள். செலஸ்டினா குழந்தையோடு உட்கார்ந்தாள். "ஏ பெனிட்டோ, மேல போயி அந்த மிஷின மாட்டு. எல்லாப் புட்டியையும் வை." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஒரு பிள்ள தலையில தெரியலன்னா ஊரு தலையில தெரியாமலா போயிரும்? வாங்க வரிசையா. ஒருத்தரும் எண்ணெ தேய்ச்சுட்டு வரக் கூடாது. அண்ணாச்சி, நீங்க மொதல்ல. ஒங்களுதுதான் சுத்தமா இருக்கு."

இவ்வாறாக, மேலிருந்து புதிய ஆவி இறங்கி இடுப்பளவில் பரந்து நிற்க, கருவாட்டுத் தெரு முழுவதும் ஒரு தாயின் முன் வரிசையில் நின்று தலை குனிந்தது. சேர்மக்கனி குனிந்தார், அவள் முகர்ந்தாள், தலையசைத்தாள், அவர் உச்சியைத் தடவிக்கொண்டு, தோற்றவரைப் போல ஒதுங்கினார். சவரிமுத்துத் தாத்தா பல் செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தார். அந்தப் பருவத்தில் நிச்சயமான மணப்பெண்கள் பூவை எடுத்துவிட்டுக் குனிந்தார்கள். சுமை தூக்குபவர்கள் தலைச்சும்மாட்டை அவிழ்த்துவிட்டுக் குனிந்தார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் எதற்கென்று அறியாமல் குனிந்தார்கள், சிரித்தார்கள், மறுபடி வரிசையின் கடைசிக்கு ஓடினார்கள். ஒவ்வொரு தலையாக அவள் முகர்ந்தாள்; தன்மானம் மிகுந்தவள், மறுக்காமல், ஒருவரையும் அவசரப்படுத்தாமல், கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்து முகர்ந்தாள்; ஒவ்வொரு முறையும் வெள்ளைத் துணிதான் விரிந்தது. பெனிட்டோ குனிந்தான். பிலோமினா கடைசியில் வந்து, கொண்டையை அவிழ்த்து, வாழ்நாளில் யாருக்கும் குனிந்திராத தலையைக் குனிந்தாள்.

செலஸ்டினா முகர்ந்தாள். அவளுடைய புருவம் சுருங்கியது.

"என்னட்டி? தெரியுதா?"

"ஏதோ நாறுது மைனி."

பிலோமினா நிமிர்ந்தாள். "நாறுதா? என் தலையா?"

"தலை இல்ல. நாறுது. ஐயோ, நல்லா நாறுது."

கூட்டம் திகைத்தது. அந்தத் தெருவில் நாற்றம் என்ற சொல்லையே கேட்டுப் பல மாதங்களாகியிருந்தன. சேர்மக்கனி காற்றை இழுத்துப் பார்த்து, "வாசம்தானம்மா வருது" என்றார். பிலோமினா தன் கைகளை, கூடைகளை, பாயை, ஓடையை முகர்ந்தாள். ஐம்பது வகைக் கருவாட்டைத் தரம் பிரித்த மூக்கு அது. அதில் பாலும் பழமும் வேட்டியும் தவிர வேறொன்றும் ஏறவில்லை. "ஒனக்கு பிரமைட்டி. இங்க என்ன நாறும்?" என்றாள்.

செலஸ்டினா முகத்தை மெதுவாகத் திருப்பினாள், வலப்பக்கம், இடப்பக்கம், பிறகு கீழே, தன் மடிக்கு, மடியில் கையைச் சப்பிக்கொண்டு முகம் சிவக்க முக்கி முடித்து, அப்போதுதான் ஓய்ந்து, நிம்மதியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தைக்கு. அவள் மூக்கைக் குழந்தையின் இடுப்புத் துணியருகே கொண்டுபோனாள். உடனே தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. நாற்றத்தினாலா, மகிழ்ச்சியினாலா என்று ஆராய்வது வேலையற்றவர்களின் வேலை.

"மைனி, இது வெறும் பாலு குடிச்ச பிள்ள போனது இல்ல. என்னத்தக் குடுத்திய இவளுக்கு?"

"நானா? நான் என்ன குடுத்தேன்?" பிலோமினா முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"மைனி."

"...கொஞ்சூண்டுதான். நேத்து நீ குளிக்கப் போனப்போ. சோத்துல சாளக் கொழம்பு, விரல்ல தொட்டுத்தான்." பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "ஏய், அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி வாயிலிருந்து வந்த பிறகுதான் அதன் விடை அவளுக்கும், சேர்மக்கனிக்கும், வரிசை கலைந்து நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பிலோமினா பாய்ந்து குழந்தையின் துணியை விலக்கிப் பார்த்தாள். தெருவுக்குக் காட்டினாள். சான்று, ஏராளமாகவும் மஞ்சளாகவும், அங்கே இருந்தது.

ஒரு நாட்டுக்கு விடுதலை கிடைத்தது போல இரைச்சல் எழுந்தது. யாரோ ஐஸ் ஃபாக்டரியின் சங்கை ஊதினார்கள். பெனிட்டோ சேர்மக்கனியின் உச்சியில் முத்தமிட்டான். சுற்றி நின்றவர்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து, குனிந்து, மூக்கை நீட்டி, அந்த நாற்றத்தைத் தாங்களும் பெற முயன்றார்கள், ஒருவருக்கும் கிட்டவில்லை, எல்லோருக்கும் மெல்லிய, இனிய, வழக்கமான உச்சிமணமே கிடைத்தது, ஏமாற்றத்தோடு நிமிர்ந்தார்கள்.

"எப்படிட்டி இருக்கு?" என்று பிலோமினா ஏக்கத்தோடு கேட்டாள். "சொல்லேன்."

"குமட்டுது மைனி" என்றாள் செலஸ்டினா, முகமெல்லாம் சிரிப்பாக. மறுபடி ஒரு முறை முகர்ந்தாள். "அம்மாடி, என்ன நாத்தம்! இவ்வளவு நாத்தமா எம்பிள்ள!"

"குடு, நான் கழுவிக் கொண்டாறேன்."

"வேணாம்."

"மிஷின என்ன செய்ய? நிப்பாட்டச் சொல்லட்டா?"

செலஸ்டினா எழுந்தாள். குழந்தையைத் தன் புடவையில் படாதவாறு இரு கைகளாலும் எட்டப் பிடித்துக்கொண்டாள். கால்கள் தொங்க, அமலி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தது.

"ஓடட்டும் மைனி. உங்களுக்கு அது. எனக்கு இது" என்று சொல்லிவிட்டு, மூச்சை ஆழமாக இழுத்தவாறே, தெருக்குழாயை நோக்கி நடந்தாள்.